வண்டிக்குத் தெரியாது

கீழமாரட் வீதியில்
வெங்காயத் தோல் பறக்கிற காலை ஒன்பதரைக்கு
என் பையில் சாவி இல்லை.

கவிழ்த்துக் கொட்டினேன்.
சில்லறை, தலைவலி மாத்திரை ஒன்று,
ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு எழுதி வந்த சிட்டை.
ஏறி இறங்கிய மண்டிகளுக்குத் திரும்பப் போய்
குவியல் குவியலாய்க் கையால் அளைந்தேன்.
"உரிச்சுப் பாருங்கம்மா, உள்ள இருக்கும்"
என்றார் ஒரு கணக்கப்பிள்ளை.
சிரிப்பு வந்தது, அந்த நேரத்திலும்.

வண்டி நடுவழியில்.
பின்னால் மூன்று லோடு ஆட்டோ,
அத்தனை ஹாரனும் என்னைத்தான் வைதன.
ஒச்சப்பனும் இன்னும் மூன்று பேரும்
தலைத்துண்டை இடுப்பில் இறுக்கி
பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி
ஓரத்தில் நகர்த்தி வைத்தார்கள்.
"என்னக்கா, சும்மா தகரமா இருக்கு."
தூக்குக்கூலி நூற்றைம்பது.

ஷோரூம் பெண் போனில் அடுக்கினாள்:
ஆர்.சி. நகல், ஆதார்,
தொலைந்ததற்குப் போலீஸ் சான்று,
பதினைந்து நாள், பதினோராயிரம்.
பிறகு, ஏதோ ரகசியம் போல,
"ரெண்டாவது சாவி இருக்கும்ல மேடம்?"

இருக்கிறது.
திருநகர் மூன்றாவது ஸ்டாப்,
அண்ணன் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல்
ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில்.
அப்பா போனபின்
வீடு குணாளனுக்கு, வண்டி எனக்கு என்று
பத்திரம் எழுதினோம்.
சாவி பற்றி அதில் ஒரு வரி இல்லை.
அவன் தரவில்லை, நான் கேட்கவில்லை,
நாலு வருஷம்.
ஒரு போன் போட்டால்
அரை மணியில் கொண்டுவந்து நிற்பான்.
அதுதான் பயம்.

அந்த போனைப் போடாமலிருக்க
நாலாயிரத்து ஐந்நூறு கேட்டார்
நெல்பேட்டை ஷேக் உதுமான்.
மலிவு என்று பட்டது.

டிவிஎஸ்ஸில் வந்தார்.
பூனைப் படம் போட்ட பள்ளிக்கூடப் பை, மகளுடையதாம்;
அதற்குள் லேப்டாப்.
ஒரு கம்பியை நுழைத்து
நான் விலாசம் சொல்லி முடிப்பதற்குள் கதவைத் திறந்தார்.
இத்தனை வருஷம் நான் பூட்டியதெல்லாம் என்ன?
புதுச் சாவியை அங்கேயே அறுத்தார், பித்தளைத் தூள்
வெங்காயத் தோல் மேல் உதிர்ந்தது.
ஸ்டியரிங்குக்கு அடியில் ஒயர் மாட்டி
திரையைப் பார்த்தபடி கேட்டார்:

"பழசு ரெண்டு சாவி வண்டிக்கு ஞாபகம் இருக்குக்கா. அழிச்சிரவா?"

"தொலைஞ்சதை மட்டும் அழிங்க."

"எது தொலைஞ்சதுன்னு வண்டிக்குத் தெரியாது.
அழிச்சா ரெண்டும் போயிரும்.
அழிக்கலைன்னா
கண்டெடுத்தவன் போட்டாலும் ஸ்டார்ட் ஆகும்.
யோசிச்சு வைங்க, டீ குடிச்சிட்டு வாரேன்."

அழித்தால் அவனுக்குத் தெரியவே போவதில்லை.
கிண்ணத்தில் அது பாட்டுக்குக் கிடக்கும்.
போட்டால் கதவு திறக்கும்,
எஞ்சின் மட்டும் அவனை யாரென்று கேட்கும்.

போன ஐப்பசியில் டெங்கு வந்து
பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.
திரும்பி வந்து சாவியைத் திருகியபோது
பேட்டரி இறங்கியிருக்கவில்லை.
சீட் மட்டும் ஒரு சாண் பின்னால் தள்ளியிருந்தது.
கால் ப்ரேக்குக்கு எட்டவில்லை.
யாரையும் எதுவும் கேட்காமல்
முன்னால் இழுத்துக்கொண்டேன்.

உதுமான் வாயைத் துடைத்தபடி வந்தார்.
"அழிக்க வேணாம்."
"களவு போனா என்னைச் சொல்லப்படாது."
"சொல்லமாட்டேன்."
தோளைக் குலுக்கினார். மூன்றாவதாக ஒன்றை
வண்டி ஞாபகம் வைத்துக்கொண்டது,
ஒரு சின்ன விளக்கு அணைந்தது, அவ்வளவுதான்.
"அப்ப ஸ்டியரிங் லாக் ஒண்ணு வாங்கிப் போடுங்கக்கா.
ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம்."

டவுன்ஹால் ரோட்டில் அறுநூற்றைம்பது.
இரண்டு மூட்டை வெங்காய வாசனையோடு
உள்ளே உட்கார்ந்து அட்டையைப் பிரித்தேன்.

கம்பி வளையத்தில்
அதற்கும் இரண்டு.