திரும்பி வருகிறவை

கலைச்சொல் பட்டியலில் நாற்பத்தோராவது வரி.
'வில் அதிர்ச்சி' என்று குழு எழுதி அனுப்பியிருந்தது.
வில் இல்லை ஐயா அது,
கப்பலின் மூக்கு.
நேற்றுதான் பட்டர்வொர்த் ஃபெரியில் நின்று பார்த்தேன்,
வருகிற தண்ணீர் மடிந்து
வெள்ளையாகி விலகுவதை.
கடலோடிகளிடம் அதற்குச் சொல் இருக்கிறது: அணியம்.
பென்சிலால் ஓரத்தில் குறித்தேன்,
கேள்விக்குறியோடு.

மஸ்லினா கணினியை அணைக்காமல் போயிருந்தாள்.
திரையில் ஏதோ ஒரு பழைய செவ்வாய்க்கிழமையின் சூரியக்காற்று,
வினாடிக்கு நானூறு கிலோமீட்டர்.
ஒரு சர்க்கரைக் கட்டி அளவு இடத்தில்
ஐந்தாறு துகள்.
ஒன்றையொன்று தொட்டதே இல்லை.
தன் செய்தியைவிட வேகமாக ஓடிவரும் காற்றுக்கு
முன்னால் பூமி நிற்கிறது என்று
யார் சொல்லி அனுப்புவது?

சொல்ல ஆள் இருக்கிறது.
வரைபடத்தின் ஓரத்தில், மங்கலாக,
எதிர்த்திசையில் சில.
அணியத்தில் பட்டுத் திரும்பியவை,
போனதைவிட வெறியோடு,
பத்து மடங்கு, சில நூறு மடங்கு.

கெளுகோரிலிருந்து கிளம்பும்போது மணி பத்தேகால்.
கடைசி ஃபெரியைப் பிடிக்க வேண்டும்.
மோட்டாருக்குச் சாலைவரி முடிந்து ஒன்பது நாள்.
ஜெலுத்தோங் கடற்கரைச் சாலையில்
தப்பான பக்கமாக, ஓரத்தை உரசிக்கொண்டு
ஒற்றை விளக்கு வந்தது.
மூன்று முறை சிமிட்டியது.
பின்னாலேயே இன்னொன்று,
சாப்பாட்டுப் பெட்டி கட்டிய பையன்.
கடக்கும்போது தலைக்கவசத்துக்குள்ளிருந்து கத்தினான்:
"டெபான் அடா போலிஸ்!"

தடுப்பு என் கண்ணுக்கு எட்டவில்லை.
வளைவு தாண்டி எங்கேயோ இருந்திருக்கும்.
ஆனால் எனக்கு முன்னால்
பின்விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன,
வரிசை நெளிந்தது, கொதித்தது,
யாரோ ஹாரனை விடாமல் அழுத்தினார்கள்.
ஒருவரும் இன்னும் எதிலும் மோதவில்லை.

நானும் வண்டியைத் திருப்பினேன்.
சட்டப்படி குற்றம். தெரியும்.
ஃபெரி போனால் போகட்டும்.
எதிரே வந்த முதல் விளக்கு
மீன்கூடை கட்டிய ஒரு சீனக் கிழவருடையது.
மூன்று முறை அடித்தேன்.
வேகத்தைக் குறைத்து, ஒரு கையைத் தூக்கி,
அவரும் திரும்பினார்,
என்னைவிட வேகமாக.

ஆய்வறையில் மறுபடி விளக்கைப் போட்டேன்.
கேள்விக்குறியை அழித்தேன்.
நாற்பத்திரண்டாவது வரி காலியாக இருக்கிறது:
திரும்பியவை
வருகிறவற்றின் காதில் போடும் இடம்.
அதற்கு என்ன பெயர்?
பென்சிலைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.
கையில் இன்னும் மீன் வாசம் அடிக்கிறது,
நான் அந்தக் கூடையைத் தொடவே இல்லை.