முப்பத்தெட்டாம் எண்

மரிபோரில் நான் கற்ற முதல் பாடம்
செருப்போடு வீட்டுக்குள் நடப்பது.

வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு
வெறுங்காலோடு உள்ளே ஓரடி வைத்தேன்.
அடுப்பில் பால் பொங்கியதுபோல்
ஓடிவந்தார் தாரின்கா.
தரைக் குளிர் நேரே மூத்திரப்பைக்கு ஏறிவிடுமாம்.
சாம்பல் நிறக் கம்பளிச் செருப்பு ஒரு ஜோடி,
குனிந்து என் காலருகே வைத்தார்.
உள்ளே மை மங்கிய முப்பத்தெட்டு.
குதிகாலில் வேறொருத்தியின் பள்ளம்.

அறையும் அவளுடையதுதான்.
ஷ்பேலா, ஒரே மகள், கிராட்ஸில் வேலை,
அங்கேயே அவனோடு வீடு எடுத்துவிட்டாள்,
இனி வரமாட்டாள் என்றார் போயான்,
ஆங்கிலத்தில் பாதி, கைச்சாடையில் மீதி.
சுவரில் அவள் நீச்சல் பதக்கங்கள்.
அவற்றுக்குக் கீழே நான் ஒட்டிய
இடுப்பெலும்புப் படங்கள்.
ஃபிரிட்ஜில் இரண்டாம் தட்டு எனக்கு.
மாதம் பிறந்தால் உறையில் யூரோ.
அதை வாங்கும்போது தாரின்கா
என் முகத்தைப் பார்க்கமாட்டார்,
எண்ணவும் மாட்டார்.
ரொட்டிப் பெட்டிக்கு அடியில் செருகிவிட்டு
சாப்பிட்டாயா என்பார்.

பகலெல்லாம் மருத்துவமனையில்
மூட்டு மாற்றியவர்களை நடக்கவைப்பேன்.
அதற்காகக் கற்றது மூன்றே சொல்:
த்விக்னி, தூக்கு.
போச்சாசி, மெதுவா.
ஷே என்கிராத், இன்னொரு தடவை.
எல்லாமே கட்டளை.
இவற்றை வைத்துக்கொண்டு
ஒரு வீட்டில் எப்படிக் குடியிருப்பது?
குடியிருந்தேன்.
சூப் தீர்ந்ததும் கிண்ணத்தை நீட்டி
ஷே என்கிராத் என்றேன்.
போயான் சிரித்த சிரிப்பில்
பூசணிவிதை எண்ணெய் மேஜைவிரிப்பில் கவிழ்ந்தது.
கரும்பச்சைக் கறை. போகவில்லை.
அதன்மேல்தான் என் தட்டை வைக்கிறார்கள்.

நவம்பர் நடுவில் ஒரு செவ்வாய் இரவு
ஷ்பேலா வந்தாள்.
இரண்டு பைகள்,
ஒரு மீன்தொட்டி, மீன் இல்லாமல்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
என் முகத்தைப் பார்க்கும் முன்
அவள் என் காலைப் பார்த்தாள்.

அன்று சோபாவில் படுத்தாள்.
மறுநாளும்.
ஜனவரி முடிய அறை என்னுடையது என்று
காகிதம் இருக்கிறது, கல்லூரி முத்திரையோடு.
ஏற்கனவே கழுவிய தட்டை
மறுபடி கழுவிக்கொண்டிருந்தார் தாரின்கா.

மூன்றாம் இரவு கதவு மெல்லத் திறந்தது.
தூங்குவதுபோல் கிடந்தேன்,
தூங்குகிறவர்களைவிட ஒழுங்காக மூச்சுவிட்டபடி.
இருட்டில் அலமாரியைத் தடவினாள்.
கடைசி இழுப்பறை பாதியில் சிக்கிக்கொண்டது.
ஏதோ சொன்னாள்.
கெட்ட வார்த்தை எந்த மொழியிலும் புரிந்துவிடுகிறது.
த்விக்னி என்றேன், போர்வைக்குள்ளிருந்து.
தூக்கினாள். திறந்தது.
கையில் ஒரு ஸ்வெட்டரோடு
தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
நான் விளக்கைப் போடவில்லை.
அவள் போகவும் இல்லை.

காலையில் செருப்பைத் தட்டித் துடைத்து
சோபாவருகே வைத்துவிட்டு
பஸ்ஸுக்கு ஓடினேன்.

மாலை வந்தால்
சாம்பல் ஜோடி மறுபடி வாசலில்,
எனக்காக, உள்நோக்கித் திரும்பி.
போட்டுப் பார்த்தேன், இது இப்போது
உன் காலாகிவிட்டது என்றாள் ஷ்பேலா.
கோபமா என்று தெரியவில்லை.
எனக்கென்று தாரின்கா சந்தையில் வாங்கிய
சிவப்புச் செருப்பு அவள் காலில் இருந்தது.
கத்தரி எடுக்கப் போன போயான்
வெகுநேரம் திரும்பவில்லை.

புதுச் செருப்பு மெழுகுத்தரையில் வழுக்கியது.
போச்சாசி என்றேன், வேலைப் பழக்கத்தில்.
அவளும் மெதுவாகவே நடந்தாள்,
பிறந்த வீட்டில்,
குதிகாலில் விலைச்சீட்டு ஆட.