வடிகட்டி அறையில் ஜன்னல் கிடையாது

நவம்பரில் மலைக்குப் பின்னால் போன சூரியன்
இன்று பன்னிரண்டரைக்கு ஃபியோர்டுக்குத் திரும்புகிறது.
ஏழு நிமிடம் நிற்குமாம், மேகம் விட்டால்.
மீன்மாவு ஆலையின் கேன்டீனில்
காலையிலிருந்தே பான்கேக் சுடும் வாசனை.
இது எனக்கு மூன்றாவது குளிர்காலம்.
முதல் வருடம் மேகம். இரண்டாவது வருடம் தூக்கம்.
இந்த முறை விடுவதாக இல்லை.

பன்னிரண்டு பத்துக்கு வடிகட்டியை நிறுத்தினோம்,
நானும் ஸ்டெய்ன்வோரும்.
பிரேக்கர், ஐசொலேட்டர்,
அவளுடைய சிவப்புப் பூட்டு, என் நீலப் பூட்டு,
சாவி அவரவர் சட்டைப் பையில்.
அட்டையில் அவள் ஐஸ்லாந்து மொழியில் எழுதினாள்,
கீழே நான் போலிஷில்.
இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்:
உள்ளே கை இருக்கிறது.

பிறகு பத்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும்.

சுவருக்கு அப்பால் பம்புகளின் டிரைவ்கள்.
மின்சாரத்தை முழுதாக விழுங்கத் தெரியாதவை,
கடித்துக் கடித்துத் தின்று
மிச்சத்தை லைனிலேயே துப்புபவை.
ஐம்பது துடிப்பு ஓட வேண்டிய கம்பியில்
இருநூற்றைம்பதும் முந்நூற்றைம்பதும் புகுந்து
டிரான்ஸ்ஃபார்மரைக் காரணமில்லாமல் காய்ச்சும்.
அந்த எச்சிலுக்கு ஒரு தனிவழி,
ஒரு சுருள், சில மின்தேக்கிகள்,
'இப்படி வா' என்று கூப்பிட்டு வாங்கிக்கொள்ளும் பெட்டி.
ஒழுங்காக இருக்கும்வரை
இப்படியொன்று இருப்பதே ஊருக்குத் தெரியாது.

போன் அடித்தது. ஹ்யோர்லெய்ஃபர்.
மூன்று மணிக்குக் கப்பல், வயிறு நிறைய மீன்,
எப்போது ஓடும்?
"ஓடும்போது" என்று வைத்துவிட்டாள்.
கருப்பு மிட்டாய் ஒன்றை நீட்டினாள்.
உப்பு. இன்னும் எனக்குப் பழகவில்லை.

மீட்டரை முதலில் உயிருள்ள பிளக்கில் வைத்தேன்:
இருநூற்று முப்பத்தொன்று. பொய் சொல்லாத மீட்டர்.
பிறகு பஸ்பார்: பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
வெளியே பள்ளிப் பிள்ளைகளின் கூச்சல் தொடங்கியிருந்தது.
என் கை ஸ்பானரை எடுத்தது.
"குடுவைகள்?" என்றாள் ஸ்டெய்ன்வோர்.

ஒன்று. இரண்டு. மூன்று.
நான்காவதில்
அறுநூற்று நாற்பது.

நின்ற ஆலையில், பூட்டிய பெட்டியில்,
ஒரு குடுவை மட்டும் எதையும் விடவில்லை.
ஃபியூஸ் எப்போதோ போயிருக்கிறது.
மிச்சத்தை வடிக்க வேண்டிய மின்தடையின்
ஒரு கால் முறிந்து
காற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது.
ஸ்பானரைக் கீழே வைத்தேன். சத்தம் வராமல்.

மின்தடை பொருத்திய நீளக் கோலை நான் பிடிக்க
மீட்டரை அவள் படித்தாள்:
நானூற்றுப் பத்து, நூற்றுத் தொண்ணூறு, அறுபது,
நான்கு.
வெளியே கைதட்டினார்கள்.
குடுவையின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்து
அப்படியே விட்டோம்.
மீட்டரை மறுபடி பிளக்கில் வைத்தேன்.
அதே இருநூற்று முப்பத்தொன்று.

கதவின் உள்பையில் அக்டோபர் பரிசோதனைத் தாள்.
குடுவை நான்கு, மின்தடை, சரி.
கையெழுத்து என்னுடையது.
அன்று மூன்றை அளந்தேன்.
மூன்றும் நன்றாக இருந்தன.
நான்காவதும் அப்படித்தான் இருக்கும் என்று
பேனாவே எழுதிவிட்டது.
ஸ்டெய்ன்வோர் தாளைப் படித்தாள்,
என்னைப் பார்க்காமல் பேனாவை நீட்டினாள்.
'சரி'யை அடித்தேன்.
'அளக்கவில்லை' என்று எழுதினேன்,
இரண்டு மொழியிலும்.

புதுக் குடுவை, புது ஃபியூஸ், புது மின்தடை.
டார்க் ஸ்பானர் ஒவ்வொரு திருகிலும் டக் என்றது,
அதன் பிறகே அடுத்த திருகுக்குப் போனேன்.
ஹ்யோர்லெய்ஃபர் தட்டோடு வந்தார்,
ஆறிப்போன பான்கேக், சர்க்கரை பாதி உதிர்ந்தது.
பூட்டு இரண்டையும் பார்த்து
வாசலிலேயே நின்றுகொண்டார்.

"எப்படி இருந்தது சூரியன்?" என்று கேட்டேன்.
"மேகம்" என்றார்.
"ஆனாலும் கைதட்டினோம்."