இதர விவரம்

வத்தலக்குண்டில் மின்விசிறி வெந்நீரைக் கலக்குகிறது.
மூடிப்போன கூட்டுறவு வங்கியின் மாடி.
கீழ்ப்பழனி மலையில் எங்கே புகைந்தாலும்
இனி இங்கேதான் கேட்கும்:
பதினோரு ஊர், பதினோரு வாக்கி டாக்கி,
ஒரே மேசை.

வேண்டும் என்று முதல் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.
போன மாசியில் ஒரு ராத்திரி
ஒரே அலைவரிசையில் ஏழு பேர் கத்தினோம்.
ஊசிக்கானல்காரர்கள் போயிருப்பார்கள் என்று
மேலக்கொம்பையில் படுத்துவிட்டார்கள்.
மேலக்கொம்பை போயிருக்கும் என்று ஊசிக்கானலில்.
சடையப்பன் மட்டும் போயிருந்தார்.
நான்கு முறை கூப்பிட்டிருக்கிறார்,
எங்கள் சத்தத்துக்கு அடியில், கொசு மாதிரி.
இன்றைக்கும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார்.

இங்கே ஒழுங்கு உண்டு.
பேசி முடித்தால் ஓவர்.
பெயர் கிடையாது. இன்னாசி, கீழ்மலை நான்கு.
மயில்வாகனன், கீழ்மலை ஒன்பது.
லூர்துமேரி மட்டும் தன் எண்ணைச் சொல்லிவிட்டு
"சாப்ட்டியாடி?" என்கிறாள். ஓவர்.

பக்கத்து நாற்காலி ஷேக் முகைதீன், நத்தத்துக்காரர்.
மலைக்கு ஒரே தடவை போனவர், படகு விட.
ஆனால் விரலுக்கு வேகம் உண்டு.

பங்குனி மூன்றாம் நாள், ஒன்று பத்து.
"கீழ்மலை ஒன்பது. எதிர்மலையில தீ தெரியுது,
கரடிப்பாறைக்கு மேல. போதைப்புல்லு பிடிச்சிருச்சு. ஓவர்."
ஷேக் தட்டினார். திரையில் மூன்று கரடிப்பாறை.
"எந்தக் கரடிப்பாறை? அட்சரேகை சொல்லவும். ஓவர்."

காற்று மட்டும் வந்தது.
பிறகு,
"இன்னாசி ஜீப்பு கவுந்துச்சுல்ல சார்,
அந்த வளைவுக்கு நேர் மேல."

ஷேக் என்னைப் பார்த்தார்.
அட்சரேகை எனக்கும் தெரியாது.
ஆனால் அந்த ஜீப்பில் நான் இருந்தேன்,
மடியில் முப்பது பேருக்குக் கட்டிய புளிச்சோற்றோடு.
வரைபடத்தில் விரலை வைத்தேன்.
ஒன்பதுக்கு ஒன்றரை மணி நேரம்.
நான்குக்குப் பத்து நிமிடம்; நான்கு தூங்குகிறது.

ஷேக் நான்கை எழுப்பினார். ஆறை எழுப்பினார்.
எட்டை எழுப்பக் கை நீட்டினேன், தடுத்தார்:
"அவங்க தூங்கட்டும். விடிஞ்சா மாத்த ஆள் வேணும்ல?"
மலையில் இருபது வருஷம்
யாரையும் தூங்கவிட வேண்டும் என்று
எனக்குத் தோன்றியதே இல்லை.

பிறகு எங்களுக்கு வேலை இல்லை.
அங்கே என்றால் பச்சைக் குழை ஒடித்து
புருவம் கருகக் கருக அடித்துக்கொண்டிருப்பேன்.
இங்கே கை சும்மா கிடக்கிறது, அதுவும் வியர்க்கிறது.
கால் மணிக்கு ஒருமுறை தலை எண்ணச் சொல்கிறேன்.
பதினான்கு. ஓவர்.
பதினான்கு. ஓவர்.
பதின்மூன்று.

ஷேக் டீயைக் கீழே வைத்தார்.

பதினான்கு, பதினான்கு,
ஒரு பய செருப்பைத் தேடிப் போயிட்டான். ஓவர்.

நாலு இருபதுக்குப் புகை மட்டும்.

அட்சரேகைக் கட்டம் காலியாக இருந்தால்
படிவம் மூட விடாது.
ஷேக் பூஜ்யம் போட்டார், கீழே இன்னொரு பூஜ்யம்.
கணினியின் கணக்கில் எங்கள் தீ
ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துக் கடலில் எரிந்து அணைந்தது.
கடைசியில் ஒரு கட்டம், இதர விவரம்.
அதில் நான் எழுதினேன்:
இன்னாசி ஜீப் கவிழ்ந்த வளைவு, நேர் மேலே.

காலை ஷிப்டுக்கு வந்த பெண்
பையைக்கூட இறக்காமல் அதைப் படித்தாள்.
"ஐயோ, இன்னாசின்றவரு இறந்துட்டாராக்கா?"

இல்லை. இப்போதுதான் இறங்கி வருகிறார்,
பல் தேய்க்க.