முழுசா சொல்லு

கோரையாற்றின் கடைமடையில்
எங்கள் முகாமின் நாலாம் நாள்.
வாய்க்காலில் அள்ளிய ஆகாயத்தாமரை
கரையில் கிடந்து நாறியது.
மாலையில் கணக்கெடுப்பு, இரண்டிரண்டு பேராய்.
என்னோடு ரெபிகா தேப்பர்மா, திரிபுராக்காரி.
உள்ளங்கையில் பேனாவால் எழுதிய பதினோரு தமிழ்ச் சொற்கள்;
வியர்வையில் 'தண்ணி' மட்டும் அழிந்திருந்தது.

ஆறாவது கேள்வி: தொழில்.
அஞ்சலை பதில் சொல்லாமல்
நெல் கொள்முதல் கொட்டகையைக் காட்டினார்.
நதியா மாவட்டத்திலிருந்து வந்த நடவு ஆட்கள்
பன்னிரண்டு பேர்
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள்.
படிவத்தில் அவர்களுக்குக் கட்டம் இல்லை.

"இந்தப் பொண்ணுக்கு அவனுவ பேச்சு தெரியுமாமே,
கேக்கச் சொல்லு."
தெரியும்.
ஆனால் அது அவள் வீட்டு மொழி இல்லை.

அஞ்சலை பேசினார்.
மாவுக்கு என்ன கூலி வாங்குறானுவ,
நாங்க வரப்புல குந்திக்கிட்டுப் பாக்குறது
கண்ணுக்குத் தெரியுதா தெரியலையா,
எங்க வயித்துல அடிச்ச காசுல
எந்த ஊருல வீடு கட்டுறானுவ.
இடையில் ஒரு மூச்சுகூட விடவில்லை.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்:
எவ்வளவு சம்பளம் என்று கேட்கிறார்.

ரெபிகா என் முகத்தைப் பார்த்தாள்.
"அவங்க நிறைய. நீ கொஞ்சம்.
முழுசா சொல்லு."
உள்ளங்கையில் இல்லாத தமிழ்.

சொன்னேன். அவள் வங்காளத்தில் சொன்னாள்.
கத்திகள் நின்றன.
ஹசிபுல் என்றொருவன், என் வயதிருக்கும்,
தோலைப் பார்த்தபடி ஏதோ சொன்னான்.
அது எங்களிடம் வந்து சேர இரண்டு மொழி பிடித்தது:
அவன் அம்மாவும் நடவுக்காரிதான்.
அங்கே கிடைப்பது இங்கே கிடைப்பதில் பாதி.
வீடு இன்னும் கட்டவில்லை.

அஞ்சலை இரங்கிவிடவில்லை.
"பாதிக்கு ஏன்டா ஒத்துக்கிட்டா உங்கம்மா?"
அதே கோபம்தான், வேறு யார் மீதோ.
நான் ஒரு எழுத்தும் குறைக்கவில்லை.

அதன் பிறகு
கிடந்த முடியிலிருந்து நாலு நாற்றைப் பிரித்து
கட்டைவிரலை எப்படி வைப்பது என்று
இருவரும் சண்டை போட்டார்கள்.
எங்களை யாரும் கூப்பிடவில்லை.
மைப்பேனாவும் படிவமுமாய் நின்றோம்,
ஆறாவது கட்டம் காலியாகவே.

திரும்பும் பேருந்தில்,
மன்னார்குடி விளக்குகள் தெரியத் தொடங்கியபோது,
ரெபிகா கேட்டாள்: "அவனுவ என்றால்?"

'அவர்கள்' என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது.
பிறகு முழுசாகச் சொன்னேன்,
எவ்வளவு மரியாதை குறைந்தால்
அவர்கள் அவனுவ ஆகிறார்கள் என்று.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
"பள்ளியில் எங்களுக்கும் ஒன்று வைத்திருந்தார்கள்.
வங்காளத்தில்."

என்ன சொல் என்று
நான் இன்னும் கேட்கவில்லை.