ஒன்பதாவது கட்டம்

புந்தா அரேனாஸில் காற்று அனுமதி கேட்பதில்லை.
கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும்
நோயாளிக்கு முன்னால் அதுதான் நுழைகிறது.

நான் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில்,
சுவரோடு சுவராய்.
கழுத்தில் அடையாள அட்டை, கையில் நிறுத்துக்கடிகாரம்,
மடியில் பன்னிரண்டு கட்டம் போட்ட தாள்.
தொடக் கூடாது, பேசக் கூடாது,
ஒரு வாய்த் தண்ணீர்கூட எடுத்துத் தரக் கூடாது.
நெறிக் குழு கையெழுத்து வாங்கியிருந்தது:
பார்ப்பவள் குறுக்கிட்டால் பார்த்தது கெட்டுவிடுமாம்.

வந்த நொடி.
பெயர் பதிந்த நொடி.
செவிலியர் எலிசியோ வென்சுமான் நாடி பிடித்து
மணிக்கட்டில் நிறப்பட்டை கட்டிய நொடி.
அதற்குப் பிறகு ஒரு நீண்ட வெள்ளை.
ஆறு வாரம் அந்த வெள்ளையைத்தான் அளந்தேன்.

ஒன்பதாவது கட்டத்தின் தலைப்பு:
மருத்துவர் பார்க்காமலே போனவர்.
நூற்றுக்கு ஏழு பேர்.
போன வருட அறிக்கையின் ஓரத்தில்
யாரோ ஒரு நிர்வாகி பென்சிலால் எழுதியிருந்தார்:
பொறுமை இல்லாதவர்கள்.

ஜூலை. குளிர்காலம். பின்னிரவு ஒன்று நாற்பது.
பவுதிலியோ, நண்டுப் படகிலிருந்து நேராக.
ரப்பர் காலணியில் உப்பு.
இடது கையைச் சமையல் துண்டால் சுற்றியிருந்தார்.
துண்டு நிறைய மஞ்சள் கோழிக்குஞ்சுகள்;
முதலில் இரண்டு சிவந்தன, பிறகு நான்கு.
பச்சைப் பட்டை கிடைத்தது.
காத்திருக்கலாம் என்று பொருள்.

காத்திருந்தார்.
பக்கத்து இருக்கைப் பிள்ளைக்கு
நல்ல கையால் சுவரில் ஒரு நாய் செய்து காட்டினார்.
மூன்று ஐம்பத்திரண்டுக்கு
உள்கதவில் நின்று யாரோ ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள்.
அதே நொடி வெளிக்கதவு திறந்தது.
இன்னொரு முறை கூப்பிட்டார்கள்.
பிறகு அடுத்த பெயர்.

நான்கு பத்துக்கு எழுந்தார்.
விருந்து முடிந்து கிளம்புகிறவர் போல
கூடத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.
எனக்கு வாய் வரை வந்தது.
ஒன்பதாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

பத்து நாள் கழித்துப் போன் செய்ய அனுமதி உண்டு.
கேள்வி நான்கு: ஏன் போனீர்கள்?
"என்னைக் கூப்பிடவே இல்லையே அம்மா."
பின்னால் என்ஜின் சத்தம்.
"எனக்குப் பிறகு வந்தவர்களெல்லாம் உள்ளே போனார்கள்.
சரி, நம் கை அவ்வளவு பெரிய விஷயமில்லை போல
என்று நினைத்துக்கொண்டேன்."
கை எப்படி இருக்கிறது என்பது வினாத்தாளில் இல்லை.
கேட்டேன்.
"இரண்டு விரல் மடங்காது. கயிறு பிடிக்க மூன்று போதும்."

அன்றிரவு எல்லாத் தாள்களையும் தரையில் பரப்பினேன்.
வந்தவர்களின் நொடிகளுக்குப் பக்கத்தில்
கூப்பிட்ட நொடிகளை வைத்துப் பார்த்தேன்.
போனவர்கள் அறுபத்தொன்று.
அதில் முப்பத்தெட்டுப் பெயர்கள்
கதவு திறந்திருக்கும்போது கூப்பிடப்பட்டவை.
என் பிரதியிலிருந்த பென்சில் எழுத்தை
ரப்பர் தேயத் தேய அழித்தேன்.

இயக்குநர் ஒலிபெருக்கி என்றார், திரை என்றார்,
அடுத்த நிதியாண்டு என்றார்.
எலிசியோ ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் இரவு கதவில் நின்று கூவாமல்
இருக்கை வரை நடந்து போய்க் குனிந்து
பெயரைச் சொன்னார்.
போய்வரப் பதினேழு நொடி.
அதையும் அளந்தேன்.

கட்டுரையில் ஒரே வரி:
ஏழு, மூன்றாகக் குறைந்தது.
அந்த மூன்று பேர் ஏன் போனார்கள் என்று
எனக்கு இன்னும் தெரியாது.
நன்றியுரையில் பவுதிலியோ பெயரைப் போட
விதியில் இடமில்லை.
பழைய தாளிலேயே இருக்கிறார், ஒரு பென்சில் கோடாக.
கோடு கொஞ்சம் கோணல்.
போடும்போது கதவு திறந்திருந்தது.