தங்கூசித் தையல்

சட்டைக்கு நூல், நாய்க்குத் தங்கூசி.
இரண்டும் ஒரே தையல்பெட்டிக்குள்,
இடையில் ஒரு பிஸ்கட் டின் மூடி.

ஈச்சிலம்பற்றில் சோளம் பால்பிடிக்கிற நாட்களில்
எனக்கு நித்திரை இல்லை.
பத்து மணிக்குமேல்
விளக்கணைத்த மோட்டார்சைக்கிள் ஒன்று
ஒழுங்கைக்குள் உருண்டு வந்தால்
பண்டி கிழித்திருக்கிறது என்று அர்த்தம்.
பின்னால் இருப்பவன் மடியில் உரப்பை,
உரப்பைக்குள் நாய்,
நாயின் வயிற்றைப் பொத்தியபடி அவன் கை.

மிருக வைத்தியர் மூதூரில் இருக்கிறார்.
பகலில் இருக்கிறார்.

வாயைச் சாரத்துண்டால் கட்டு.
பின்னங்காலை நீ பிடி, தலையை நீ.
டோச்சை ஆட்டாதே.
உப்புத்தண்ணீர், மஞ்சள், பிறகு ஊசி.
சாக்கூசியை நெருப்பில் வாட்டி வளைத்து வைத்திருக்கிறேன்.
பள்ளிக்கூடச் சீருடைக்குக் கழுத்து வெட்டுவதைவிட
இது லேசு:
நாயின் தோல் சொன்னபடி கேட்கும்,
தாய்மார்தான் கேட்பதில்லை.

தொடை இறைச்சி கொண்டுவருவார்கள். வேண்டாம்.
ஒரு தையலுக்கு ஒரு சுருக்கு, அதுதான் கூலி.
கிளச் வயரோ பிரேக் வயரோ,
காட்டில் கட்டியதை அவிழ்த்துக் கொண்டுவா.
கடையில் வாங்கிய புது வயரைச்
சாம்பலில் தேய்த்துக்கொண்டு வந்தான் ஒருவன்.
மரத்தில் கிடந்த கம்பியில்
பட்டையின் பால் காய்ந்திருக்கும்,
எதனுடையதோ மயிர் இரண்டு இருக்கும்.
திருப்பி அனுப்பினேன்.

ஏன் என்று கேட்டவர்களுக்குச் சொன்னதில்லை.
ஒரு செவலைப் பெட்டை. மூன்று நாள் கத்தியது,
எங்கே என்று தெரியாமல் தேடினேன்.
அவ்வளவுதான்.

நேற்றிரவு வில்வராசா தனியே வந்தான்,
சூறையைத் தோளில் போட்டுக்கொண்டு.
நாலு நாய் நிற்கப் பயப்படுகிற இடத்தில்
ஒற்றையாய் நின்று பண்டியை மறிக்கிற நாய்.
லாபீர் நானா லொறி டயர் வெட்டி
உள்ளே கான்வஸ் வைத்துத் தைத்த கழுத்துப்பட்டி,
நாலு விரல் அகலம்,
எந்தக் கோரைப்பல்லுக்கும் ஈடுகொடுக்கும்.

பட்டியில் ஒரு கீறலும் இல்லை.
இடுப்பைச் சுற்றி அறுந்திருந்தது.
அவன் வெட்டியது போக மிச்சக் கம்பி
இன்னும் சதைக்குள்.

குறட்டால் பிடித்து மெல்ல எடுத்தேன்.
முடிச்சு வந்தது:
இரண்டு சுற்று, ஒரு திருப்பு,
நுனியை நசுக்கி உள்ளே மடக்கி
மேலே சைக்கிள் ரியூப் துண்டு ஒன்று.
என் சுவர் ஆணிகளில்
இதே கை கட்டியது பதினேழு தொங்குகிறது.
பதினேழும் அவன் கொண்டுவந்தவை.

நான் சுவரைப் பார்க்கவில்லை.
அவன் பார்த்தான்.
'ஆத்துக்கு அங்கால போட்டது அக்கா,
போன மாரிக்கு. எண்ணிக்கை தப்பிட்டுது.'
டோச் ஆடியது.
ஆட்டாதே என்றேன்.

வாய்க்கட்டு அவிழ்ந்ததும் சூறை
முதலில் கம்பியை முகர்ந்தது.
பிறகு அவன் கையை.
மறுபடி கம்பியை.
அதற்குமேல் அது ஒன்றும் செய்யவில்லை,
தலையைத் தரையில் வைத்துக்கொண்டது.

'இருபத்திரண்டு தையல்' என்றேன்.
'அவ்வளவு நான் போட்டிருக்க மாட்டன்.'
'மற்றவன் போட்டதை அவிழ்.'

விடிந்ததும் வெருகல் பக்கம் போனான்.
நாயை அசைக்கவேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.
வெள்ளைத்துணியில் தெறித்த ஒரு பொட்டை
பச்சைத்தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு
மெஷினில் இருந்தேன்.
மிதிக்கும் ஒவ்வொரு தடவையும்
பலகைக்குக் கீழே ஒரு காது அசைந்தது.

மத்தியானத்துக்குள்
ஒழுங்கையால் நாலு மோட்டார்சைக்கிள் போயின.
ஒன்றுக்கும் தலை தூக்கவில்லை.
ஐந்தாவதற்கு
வால் மட்டும், ஒரு தரம், தரையில்.

கையில் எத்தனை கம்பி என்று
நான் நிமிரவில்லை.
பொத்தான் துளை ஒன்று பாதியில் நின்றது.